கூரை வரை போகாத சுவர்

கேள்வி கேட்பது நோகாத வேலை என்றுதான் எங்கள் தோட்டத்தில் எல்லாரும் நினைத்தார்கள். கொழுந்துக் கூடை இல்லை, அட்டைக்கடி இல்லை, குடையைப் பிடித்துக்கொண்டு, தொழிலாளர் குடியிருக்கிற லயம் லயமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தால் கொழும்பிலிருந்து சம்பளம் வரும். "ஒனக்கென்னாடி, வாயாலயே பொழைக்கிற" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அட்டை என்னையும் கடித்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் அது ஆளை உள்ளேயிருந்து களைக்க வைக்கிற வேலை. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளிடம் போய், ராத்திரி தூக்கம் வருகிறதா, காரணம் இல்லாமல் அழுகை வருகிறதா, எதிலாவது ஆசை மிச்சம் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். காலையில் முதல் பிள்ளை சொல்வது நெஞ்சில் தைக்கும். மத்தியானத்துக்கு மேல் யார் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. வாய் பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போய்விடும். ஒரு பெண் தன் அப்பாவின் குடியைப் பற்றிச் சொல்லி அழுதுகொண்டிருந்தபோது எனக்குக் கொட்டாவி வந்தது. அவளே கண்ணைத் துடைத்துவிட்டு, "அக்கா, தேத்தண்ணி போடவா?" என்று கேட்டாள். வெட்கமாக இருந்தது. தேத்தண்ணியை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் தோட்டத்துக்கு ஓப்பநாயக்கவிலிருந்து மேலே ஏற வேண்டும். மேல் டிவிசனில் தேயிலை, கீழ் டிவிசனில் றப்பர். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். எங்கள் பிள்ளைகள் சண்டையைத் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பார்கள். நான் உயர்தரப் பரீட்சை எழுதிப் புள்ளி போதாமல், பிள்ளைக் காம்பராவில், மலைக்கு வேலைக்குப் போகிற தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மொழியும் வரும் என்பதற்காகத்தான் என்னை ஆய்வுக்கு எடுத்தார்கள். சமாதானம் முறிந்து வடக்கே மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த காலம் அது. தோட்டத்து இளம் பிள்ளைகளின் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கிற ஆய்வு. நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்கள டாக்டர். மேடம் என்று கூப்பிடுவோம். நல்ல மனுஷி. ஆனால் நல்ல மனுஷிகளை எங்கள் ஆட்கள் முன்பே நிறையப் பார்த்திருந்தார்கள்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே ஒரு கூட்டம் வந்து எங்களை வரிசையில் நிற்க வைத்து உயரம் பார்த்தது, எடை பார்த்தது, ஊசி குத்தி ரத்தம் எடுத்தது. ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தார்கள். அந்த ரத்தத்தில் என்ன இருந்தது என்று இன்று வரைக்கும் ஒருவரும் வந்து சொல்லவில்லை. பிறகு பல் பார்க்க ஒரு கூட்டம், வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்துக் கணக்கெழுத ஒரு கூட்டம். அதனால் நான் பையோடு படியேறும்போதே பையன்கள் கேட்பார்கள்: "அக்கா, இந்தத் தடவ எதை எடுத்துட்டுப் போகப் போறீங்க?" நான் சிரித்து மழுப்பிவிடுவேன்.

இரத்தினபுரியில் ஒரு மண்டபத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்டதில் இரண்டு சட்டங்கள் மனதில் நின்றன. ஒன்று, பிள்ளையைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும். சொன்னதை வேறு யாரிடமும் மூச்சு விடக்கூடாது. இரண்டாவது, சொந்த வீட்டு ஆளிடம் நாமே கேள்வி கேட்கக்கூடாது, வேறொருவர் போக வேண்டும்.

லயத்தில் தனிமை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரை போகாது. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். நான் இங்கே கேள்வி கேட்டால் பதில் பக்கத்துக் காம்பராவிலிருந்து வரும். "காலையில என்னா சாப்பிட்ட?" என்று ஒரு பையனைக் கேட்கிறேன். "ரொட்டி" என்கிறான். "பொய் சொல்றான், வெறும் தேத்தண்ணிதான் குடிச்சான்" என்று சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல். நான் எதை எழுதுவது?

ஆனால் இப்படி வாயைப் போடுவதெல்லாம் ரொட்டி, தேத்தண்ணி அளவில்தான். பெரிய விஷயம் என்றால் லயத்துக்கென்று ஒரு முறை இருக்கிறது. எல்லாரும் கேட்பார்கள், ஒருவரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். புருஷன் அடித்த மறுநாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது யாரும் அவளிடம் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஆனால் அவளுடைய குடத்தை யாரோ ஒருத்தி தூக்கிக்கொண்டு வருவாள். வீட்டு ஆளிடம் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைச் சொல்லவும் அந்தச் சுவர்தான். மருமகள் பூனையைத் திட்டுவாள், மாமியார் புரிந்துகொள்வார். நேராகச் சொன்னால் சண்டை வரும், பதில் சொல்ல வேண்டும். இப்படிச் சொன்னால் கேட்டவர் கேட்காத மாதிரியே இருந்து நடந்துகொள்ளலாம். இதற்கு நாங்கள் பேரெல்லாம் வைத்ததில்லை. பயிற்சியிலும் இதைப் பற்றி ஒன்றும் சொல்லித்தரவில்லை.

என் தங்கச்சிக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா இறந்த பிறகு வீட்டில் அம்மா, நான், அவள், மூன்றே பேர். அவள் ஒன்றரை வருடமாகக் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். எங்கள் தோட்டத்துக்கு வந்து போகிற ஒரு புரோக்கர்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார். தீபாவளிக்கு வந்தவள், வயிற்றுவலி என்று சொல்லித் திரும்பிப் போகாமல் நின்றுவிட்டாள். அந்த வீட்டு எஜமானி நோனா புரோக்கருக்குப் போன் மேல் போன் எடுத்தார். பொங்கல் முடிந்ததும் அனுப்பி வைப்பதாக அம்மா வாக்குக் கொடுத்துவிட்டார். நான் வாங்கியது எப்போது வரும் என்று தெரியாத சம்பளம். அம்மாவுக்கோ மழை நாளில் பாதி வேலைதான். உண்மையைச் சொன்னால் எங்கள் அடுப்பு எரிந்தது தங்கச்சியின் காசில்தான்.

போகும்போது வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. வந்தபோது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளையாக வந்தாள். மற்றப் பெண்களோடு பீலிக்குக் குளிக்கப் போக மாட்டாள். படுக்கப் போகும்போது, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட பிறகும், அம்மிக் குழவியை எடுத்துக் கதவடியில் அண்டை கொடுப்பாள். காலையில் அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை ஓரமாக உருட்டிவிட்டு மலைக்குப் போவார்.

"ஏன்டி, அங்க ஏதாச்சும் நடந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல."

"திரும்பப் போக ஒனக்கு விருப்பமா?"

"அம்மா அனுப்புனா போக வேண்டியதுதான?"

அதோடு முடிந்தது. நாள் முழுக்க யார் யாரோ பெற்ற பிள்ளைகள் என்னிடம் மனசைத் திறக்கிறார்கள், கூடப் பிறந்தவள் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கவலையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. இவள் என்னை என்ன என்று நினைத்துவிட்டாள் என்ற கோபம்.

ஆய்வில் அவளுடைய பேரும் விழுந்தது. சட்டப்படி நான் கேட்க முடியாது. என்னோடு வேலை செய்த மாவனல்லை முஸ்லிம் பெண் ஒருவர் போனார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவர்கள் வழக்கப்படி ராத்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். சட்டம் என்றால் அவருக்குச் சட்டம்தான். மண்டபத்தில் சொன்னதில் ஓர் எழுத்துக்கூட மாற்ற மாட்டார். அன்று என்னைக் கீழ் டிவிசனுக்கு அனுப்பிவிட்டு, சாயந்தரம் எல்லாரும் வேலை விட்டு வந்த நேரம் பார்த்து எங்கள் லயத்துக்குப் போயிருக்கிறார். பிள்ளைக் காம்பராவின் சாவி எங்களிடம் இருந்தது, மற்றப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்த்தான் கேட்போம். அங்கே போவோமா என்று ராத்தா கேட்டதற்குத் தங்கச்சி, "வேணாம், இங்கயே கேளுங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

ராத்தா என்ன செய்தார் தெரியுமா? வலப்பக்கம் இரண்டு காம்பரா, இடப்பக்கம் இரண்டு காம்பரா, அத்தனை பேரையும் கெஞ்சிக் கூத்தாடி வெளியே அனுப்பிவிட்டார். அம்மாவையும் கோயிலடிக்கு அனுப்பிவிட்டார். நான் திரும்பி வரும்போது ராத்தா படியில் இறங்கிக்கொண்டிருந்தார். "ஒரு ஈ காக்கா இல்லாம பாத்துக்கிட்டன் தங்கச்சி" என்றார். ஆனால் முகத்தில் ரத்தமே இல்லை.

பக்கத்துக் காம்பரா அத்தைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சொந்த அத்தை இல்லை, சுவர் கொடுத்த உறவு. "எங்க வீட்டுலேந்தே எங்கள வெரட்டிப்புட்டாங்க ஒங்க கேள்விக்காரங்க. அடுப்புல சோறு கொழஞ்சிருச்சு" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே தங்கச்சி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாடி கேட்டாங்க? என்னா சொன்ன?"

"சொன்னேன். காலி லயத்துக்கு நல்லா சொன்னேன்" என்றாள். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் ஓப்பநாயக்க பஸ் தரிப்பிடத்தில் ராத்தாவைப் பிடித்தேன். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஒன்டும் செல்ல ஏலா தங்கச்சி." எதையும் சொல்ல முடியாதாம்.

"அவ என் தங்கச்சி ராத்தா."

"அதுனாலதான் ஏலா." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒங்களுக்கிட்ட செல்லவா எண்டும் கேட்டன். உம்மாக்கிட்ட செல்லவா எண்டும் கேட்டன். ரெண்டு பேருக்கும் தேவல்ல எண்டுட்டா. நான் என்ன செய்ய?"

அந்தத் 'தேவையில்லை' என்னைச் சுட்டது. ராத்தாவோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பாவம், மேடத்திடம் சொல்லியிருந்தார், அதற்குச் சட்டம் இடம் கொடுத்தது. மேடம் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவுக்குப் போக ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். தங்கச்சி போகவில்லை. அந்தப் பக்கம் ஒருத்தர் கண்ணில் பட்டாலும் தோட்டம் முழுக்கப் பைத்தியம் என்று பேர் வைத்துவிடுவார்கள் என்றாள். மேடத்துக்கும் அதற்கு மேல் வழி இல்லை. பிள்ளை சம்மதிக்காமல் வீட்டுக்குச் சொல்லக்கூடாது, சொல்லாவிட்டால் வீட்டார் பெட்டி கட்டுவார்கள். பெட்டியும் கட்டியாகிவிட்டது. அம்மாவே புதுச் சீத்தைத் துணிச் சட்டை இரண்டு வாங்கி மடித்து வைத்தார். ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. என்ன என்று தெரியாமல் அம்மாவோடு எதை வைத்துச் சண்டை போடுவது? இரண்டு முறை வாயைத் திறந்தேன். "அவளே போறேங்கிறா, ஒனக்கென்னா?" என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் ஆய்வைப் பார்க்க வருகிறார் என்றார்கள். வெள்ளைக்கார நோனா வருகிறார் என்று தோட்டமே வாசலைக் கூட்டியது. வான் வண்டி வந்து நின்றது. எங்களை மாதிரியே நிறத்தில், நரைத்த சுருட்டை முடியோடு, ஒரு பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஆட்கள் அவரைத் தாண்டி வானுக்குள் எட்டிப் பார்த்தார்கள். "நோனா எங்க? இது நம்ம பக்கத்து ஆளு மாதிரியில்ல இருக்கு" என்றார் அத்தை. இவர்தான் அவர் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நாட்டின் ஆதிக்குடியைச் சேர்ந்தவர். தன் சொந்த மக்களின் இளம் பிள்ளைகளைப் பற்றி ஆய்வு செய்கிறவர்.

எங்கள் லயத்துப் படியை ஏறியதிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. காம்பராவுக்கு முன்னால் இருக்கிற ஒடுக்கமான இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொல்வார், மேடம் சிங்களத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். மூன்று வாய் மாறி வந்தாலும் விஷயம் தேயவில்லை. அவருடைய ஆட்களின் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் எங்கெங்கோ வளர்த்தார்கள். அதெல்லாம் முடிந்த பிறகு, உங்கள் பிள்ளைகள் ஏன் சந்தோஷமாக இல்லை என்று கேட்டு எழுத வந்தார்கள்.

"அங்கயும் ரத்தம் எடுத்தாங்களா?" என்று அத்தை கேட்டார்.

எடுத்தார்களாம். தலையைக்கூட அளந்தார்களாம். சின்ன வயதில் அவர் வரிசையில் நின்றிருக்கிறார். இப்போது அவரே கேட்கிறவர். அவருடைய ஊர்ப் பிள்ளைகளும், மறுபடியும் வந்துட்டீங்களா என்றுதான் கேட்பார்களாம். அதைச் சொல்லிவிட்டுப் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்தக் கொட்டாவியைப் பார்த்துத்தான்.

அவர் பெரிய உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். அவர்களுடைய வேலையில் முதல் கேள்வி, நீ பேசும்போது யார் பக்கத்தில் இருக்க வேண்டும், யார் கேட்க வேண்டும் என்பதுதானாம். சிலர் சித்தி வேண்டும் என்பார்கள், சிலர் யாருமே வேண்டாம் என்பார்கள், ஒரு பையன் தன் நாய் போதும் என்றானாம். மேடம் நெற்றியைச் சுருக்கினார். "எங்களுக்குத் தனிமைதான் சட்டம்" என்றார். "தனிமை வேண்டுமா என்று அந்தப் பிள்ளையைக் கேட்டீர்களா?" என்று வந்தவர் திருப்பிக் கேட்டார். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நாங்கள் யாரையும் கேட்டிருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்த பிள்ளைகளிடம் இதையாவது கேட்டுப் பார்ப்போம் என்று மேடம் முடிவெடுத்தார். ராத்தா தங்கச்சியிடம் போய்விட்டு உடனே திரும்பி வந்தார். ஒரு மாதிரி இருந்தார்.

"லயத்துல எல்லாரும் ஈக்கணுமாம். ஞாயித்துக்கிழம, யாரும் வேலைக்குப் போகாத நேரத்துல வரட்டாம். அண்டைக்கு நான் அவ்வளவு பேரையும் வெளிய அனுப்பினதுக்கு இப்பதான் என்னை ஏசுறா."

மேடம் பயந்துவிட்டார். கொழும்புக்கு யார் யாருக்கோ போன் எடுத்தார். கடைசியில் தானே தங்கச்சியைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: எல்லாரும் கேட்ட பிறகு சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது, தெரியுமா? "தெரியும் மேடம், அதுக்குத்தான்" என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். என்னை அவள் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மறுநாள் புரோக்கர் வண்டியோடு வருவதாக இருந்தது. ராத்தா வந்ததும் சட்டப்படி நான் பக்கத்துக் காம்பராவுக்குப் போய்விட்டேன். அத்தை தன் மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா ரேடியோவில் பாட்டு வைத்திருந்தார். யாரோ தேங்காய் துருவுகிற சத்தம். அம்மா எங்கள் காம்பராவின் பின்பக்க அடுப்படியில் இருந்தார். ராத்தா வழக்கம்போல மெல்லிய குரலில் ஆரம்பித்தார்.

"ராத்தா, மெதுவா கேக்காதீங்க" என்றாள் தங்கச்சி.

அந்தக் குரலைக் கேட்டதும் மாமா ரேடியோவை அணைத்தார். தேங்காய் துருவுவது நின்றது. தூங்குகிற இடம் எப்படி என்று ராத்தா கேட்டார்.

"தனி அறை குடுத்தாங்க. அதுக்குத் தாழ்ப்பாள் இல்ல. நோனாவோட தம்பி வருவாரு. நோனாகிட்ட சொன்னேன். அப்படியெல்லாம் பேசக்கூடாதுன்னு என்னையத்தான் ஏசுனாங்க. அதுக்கப்புறமும் வந்தாரு. நாளைக்கு என்னைய அனுப்புனா திரும்ப அங்கதான் அனுப்புறாங்க. எனக்குப் போக இஷ்டம் இல்ல. ஒருநாளும் இஷ்டம் இல்ல."

அத்தையின் கை மகளின் தலையில் அப்படியே நின்றது. நான் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். சத்தம் வரக்கூடாது என்று முந்தானையைக் கடித்துக்கொண்டேன். ராத்தா அடுத்த கேள்வியைக் கேட்கவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை மாமாவைப் பார்த்து, பத்து வீட்டுக்குக் கேட்கிற குரலில் சொன்னார்: "நாளைக்கு நான் மலைக்குப் போகல. இஸ்தோப்புல ஒக்காந்து அரிசி பொடைக்கப் போறேன்."

"சரி, இரு" என்றார் மாமா, அவரும் சத்தமாக.

இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் குரல்: "எங்க வீட்டுலயும் அரிசி பொடைக்க இருக்கு." அதற்கும் அப்பால் இன்னொரு குரல்: "எனக்குந்தான்." பிறகு தேங்காய் துருவுகிற சத்தம் மறுபடியும் தொடங்கியது. எங்கள் அடுப்படியில் அம்மா ஊதாங்குழலால் ஊதிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் புரோக்கர் வந்தபோது இஸ்தோப்பு நிறையப் பெண்கள் சுளகோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அத்தைதான் தலையை நிமிர்த்தாமல், "புள்ளைக்கு அந்த எடம் ஒத்துக்கிடல. இனிமே சரிவராது, நோனாகிட்ட சொல்லிருங்க" என்றார். புரோக்கர் என் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு தடவை பார்த்தார்.

"அவங்க சொல்றதுதான்" என்றார்.

வண்டி வெறுமையாகப் போனது. பொலிசுக்குப் போகலாம், கூட வருகிறேன் என்று மேடம் தங்கச்சியிடம் சொன்னார். கொழும்பில் மூலைக்கு மூலை சோதனைச் சாவடி இருந்த காலம். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையின் பேச்சை அங்கே யார் எடுப்பார்கள் என்று அவள் கேட்டாள். பொலிசுக்கு யாரும் போகவில்லை. நோனாவின் தம்பி இன்றைக்கும் அந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான்.

அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர் முழங்கால் வலியோடு தன் நாட்டுக்குத் திரும்பிப் போனார். ஞாயிற்றுக்கிழமை பேசியதை ஆய்வில் சேர்க்க முடியாது என்று மேடம் சொன்னார், தனிமையில் கேட்காததால். காலி லயத்துக்குச் சொன்னதுதான் சேர்ந்தது. அறிக்கை வந்தது என்றும் கேள்விப்பட்டேன். எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை.

தங்கச்சி தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். அவளுக்கு ரத்தம் குறைவு, ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஒருநாள் மத்தியானச் சோற்றைக் கொண்டுபோனவள், அவளோடு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். இவ்வளவு நாளாக நெஞ்சில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் அம்மாகிட்ட பேசியிருக்க மாட்டேனா? லயத்தையே கூட்டி வச்சுத்தான் சொல்லணுமா?"

அவள் கையிலிருந்த கறையைப் புல்லில் துடைத்தாள். கோபம் இல்லை அவள் முகத்தில். பெரிய அக்காவுக்குச் சின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிப் பேசினாள்.

"ஒங்கிட்ட சொன்னா நீ அம்மாகிட்ட சொல்லுவ. அதுக்கு மேல என்னா செய்வ? அம்மாவுக்கு நான் வந்த அன்னைக்கே தெரியும்க்கா. தெரிஞ்சுதான் பெட்டி கட்டுனாங்க."

மேல் வரிசையில் அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அன்று சாயந்தரம் அம்மா சோறு போட்டபோது எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. தங்கச்சி தட்டை நீட்டி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.